யார் உடம்பை வைத்து மருந்து செய்கிறார்கள்? டெல்டாவிலிருந்து துல்லிய மருத்துவத்தைப் பார்த்தால்

ஆவணி மாதத்தில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போய், சம்பாவுக்கு என்ன ரகம் விடப் போகிறீர்கள் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஒரே வரியில் பதில் வராது. மேட்டு வயலுக்கு ஒன்று, வடிகாலை ஒட்டிய பள்ளத்துக்கு ஒன்று, மேட்டூர்த் தண்ணீர் தாமதமானால் நாள் குறைந்த இன்னொன்று என்று பேச்சு நீளும். கார்த்திகை மழையில் பத்து நாள் தண்ணீருக்குள் கிடக்கிற வயல் என்றால், "அதுக்கு சிஆர் 1009 சப்-1 தான்" என்பார்கள். அந்த ‘சப்-1’ என்ற ஒட்டுக்குப் பின்னால் உள்ள கதையை முதலில் சொல்லிவிட்டு மருந்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கதைதான்.

சாதாரண நெல் நீரில் மூழ்கினால், எப்படியாவது காற்றைத் தொட்டுவிட வேண்டும் என்று வேகமாக நீளும். கையிருப்பில் உள்ள சத்தையெல்லாம் அந்த ஓட்டத்திலேயே செலவழித்துவிடும். வெள்ளம் வடிந்த பிறகு எழுந்து நிற்கத் தெம்பிருக்காது, சாய்ந்து அழுகிவிடும். ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற பழைய ரகம் மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டது. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்தி, இருப்பைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் வரை பொறுத்திருந்து, தண்ணீர் வடிந்ததும் துளிர்த்தது. இதற்குக் காரணமான மரபணு 2006இல் துல்லியமாக அடையாளம் காணப்பட்டது. விவசாயிகள் ஏற்கனவே விரும்பிப் பயிரிட்டுவந்த ரகங்களோடு கலப்பு செய்து, அந்த ஒரு மரபணுத் துண்டை மட்டும் அவற்றுக்குள் கொண்டுவந்தார்கள். சிஆர் 1009இன் அரிசி மாறவில்லை, வயதும் மாறவில்லை. மூழ்கினால் தாங்கும் குணம் மட்டும் கூடுதலாகச் சேர்ந்தது.

இங்கே நடந்திருப்பது இரண்டு வேலை. எல்லா வயலும் ஒன்றல்ல என்று பிரித்துப் பார்ப்பது ஒன்று. சேதம் எங்கே தொடங்குகிறது என்று மரபணு வரைக்கும் போய்த் தேடிப் பிடிப்பது இன்னொன்று. மனித உடம்புக்கு இதே இரண்டையும் செய்ய முயல்வதுதான் துல்லிய மருத்துவம். 2015 ஜனவரியில் அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமா இதற்கென்று ஒரு தேசியத் திட்டத்தை அறிவித்த பிறகு இந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துச் சட்டை தைப்பது போலத் தனித்தனி மருந்து செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். மிக அரிதான சில நோய்களில் அதுவும் நடந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு: ஒரே பெயரில் அழைக்கப்படும் நோயை, அதன் காரணத்தைப் பார்த்துப் பல நோய்களாகப் பிரிப்பது; ஒவ்வொன்றுக்கும் அதன் வேரில் கைவைக்கும் மருந்தைத் தேடுவது.

சராசரி என்ற சிக்கல்

மருந்து எப்படி உருவாகிறது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் பயன் புரியும். ஆய்வகத்தில் நம்பிக்கை தரும் ஒரு பொருளை மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்குகிறார்கள். அப்படிச் சோதனைக்கு வரும் பத்தில் ஒன்பது, கடைசி வரை தேறுவதில்லை. பக்கவிளைவால் நிற்பது உண்டு. ஆனால் பலன் போதவில்லை என்று கைவிடப்படுவதே அதிகம். போதவில்லை என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? ஆயிரம் பேருக்கு மருந்தையும், ஆயிரம் பேருக்கு வேறொன்றையும் கொடுத்து இரண்டு கூட்டத்தின் சராசரியையும் ஒப்பிடுகிறார்கள். அந்த ஆயிரத்தில் நூறு பேருக்கு மட்டும் மருந்து உயிர் காக்கும் அளவுக்கு வேலை செய்து, மீதித் தொள்ளாயிரம் பேருக்கு ஒன்றுமே செய்யவில்லை என்றால், சராசரியில் அந்த நூறு பேர் கரைந்துபோவார்கள். மருந்து தோற்றதாக எழுதப்படும்.

தேறி வந்த மருந்துகளிலும் இதே சிக்கல் உண்டு. 2015இல் ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு கட்டுரை, அமெரிக்காவில் மிக அதிகம் விற்பனையாகும் பத்து மருந்துகளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டியது. அவற்றில் சிறந்ததுகூட உட்கொள்ளும் நான்கு பேரில் ஒருவருக்குத்தான் உதவுகிறது. மோசமானது இருபத்தைந்து பேரில் ஒருவருக்கு. மற்றவர்கள் மருந்துக்குச் செலவும் செய்கிறார்கள், பக்கவிளைவையும் தாங்குகிறார்கள்.

இதை நேரடியாகக் காட்டும் வரலாறு ஜெஃபிட்டினிப் என்ற நுரையீரல் புற்றுநோய் மாத்திரையினுடையது. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செல்லின் மேல்பரப்பில் ஈஜிஎஃப்ஆர் என்று ஓர் ஏற்பி உண்டு. வெளியிலிருந்து ‘வளரு’ என்ற செய்தி வந்தால் அதை உள்ளே கடத்துவது அதன் வேலை. இந்த மாத்திரை அதை அடைக்கும். 2003இல் அமெரிக்காவில் விரைவு அனுமதி கிடைத்தது. சோதனையில் பத்தில் ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. ஆனால் சுருங்கியவர்களுக்கு அது வியக்கும் அளவுக்குச் சுருங்கியது. 2004 கடைசியில் வந்த ஒரு பெரிய ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்கள் சராசரியில் கூடுதல் காலம் வாழவில்லை என்று தெரிந்தது. 2005இல் புதிய நோயாளிகளுக்குக் கொடுப்பதை அமெரிக்கா பெரும்பாலும் நிறுத்திவிட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டிய மருந்து.

முடியாமல் போனதற்குக் காரணம், 2004இலேயே பாஸ்டன் நகரின் இரண்டு ஆய்வுக் குழுக்கள் வேறொரு கேள்வியைக் கேட்டதுதான். யாருக்கு வேலை செய்யவில்லை என்று கேட்காமல், யாருக்கு வேலை செய்ததோ அவர்களுடைய கட்டியில் என்ன இருந்தது என்று பார்த்தார்கள். ஈஜிஎஃப்ஆர் மரபணுவிலேயே சில குறிப்பிட்ட திரிபுகள், அதாவது எழுத்துப் பிழை போன்ற மாற்றங்கள், இருந்தன. அந்தத் திரிபால் ஏற்பி எப்போதும் ‘வளரு, வளரு’ என்று கத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கட்டி முழுக்க அந்த ஒரு கத்தலை நம்பித்தான் உயிர் வாழ்ந்தது. மாத்திரை அதன் வாயை அடைத்ததும் கட்டி செத்தது. 2009இல் கிழக்காசிய நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு விஷயத்தை உறுதி செய்தது. திரிபு இருந்தவர்களுக்கு இந்த மாத்திரை கீமோவைவிட மேல். திரிபு இல்லாதவர்களுக்குக் கீமோதான் மேல். 2015இல் அதே மாத்திரை, திரிபு உள்ளவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு அமெரிக்காவில் மறுபடி அனுமதி பெற்றது.

மாத்திரையில் எந்த மாற்றமும் செய்யவில்லை. யாருக்குக் கொடுப்பது என்பது மட்டும்தான் மாறியது. இந்தத் திரிபு மேற்கு நாட்டு நோயாளிகளில் பத்தில் ஒன்று ஒன்றரைப் பேருக்கும், கிழக்காசியாவில் பாதிப் பேர் வரைக்கும் இருக்கிறது. இந்தியாவில் இரண்டுக்கும் நடுவில், நான்கில் ஒருவர் அளவு. புகைக்காதவர்களிடமும் பெண்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. பீடியைத் தொட்டுக்கூடப் பார்க்காத எங்கள் அத்தைக்கு எப்படி நுரையீரலில் வந்தது என்று கேட்கிற குடும்பங்கள் டெல்டாவில் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்தச் சோதனை எத்தனை முக்கியம் என்று நினைத்துப் பாருங்கள்.

வேரைப் பிடித்த மருந்தும் சென்னையில் நடந்த வழக்கும்

காரணத்தைப் பிடித்தால் மருந்து எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதற்கு இமாட்டினிப் சாட்சி. ஒருவகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று துண்டு மாற்றிக்கொள்கின்றன. குட்டையாகிப்போன குரோமோசோம் 1960இலேயே நுண்ணோக்கியில் தெரிந்தது. துண்டு மாற்றம்தான் காரணம் என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். மாற்றத்தில் பிறக்கும் கலப்புப் புரதம் அணைக்க முடியாத மோட்டார் போல ஓடிக்கொண்டே இருக்கும். அதன் உள்ளே ஆப்பு போலச் சென்று உட்காரும் மாத்திரைதான் இமாட்டினிப். 1998இல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது, 2001 மே மாதம் அனுமதி கிடைத்தது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, மாத்திரை எடுத்தவர்களில் 89% பேர் உயிரோடு இருந்தார்கள். அதற்கு முன் சில ஆண்டுகளில் ஆளைக் கொண்டுபோன நோய் அது.

இதற்கு நம் ஊரில் ஒரு பின்கதை இருக்கிறது. இந்த மாத்திரையின் புதிய வடிவத்துக்கு சுவிஸ் மருந்து நிறுவனமான நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006இல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். பழைய பொருளையே சற்று மாற்றி, பலனில் முன்னேற்றம் காட்டாமல் புதுக் காப்புரிமை கேட்க முடியாது என்கிற, இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவுதான் காரணம். அந்தப் பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கை 2007இல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்துவிட்டது. மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய் ஆகும் மருந்து, இந்திய நிறுவனங்களின் தயாரிப்பில் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்துக்கொண்டிருந்தது. அது தொடர வழி பிறந்தது. துல்லிய மருத்துவத்தைப் பற்றி எழுதும் பலர் இந்த வழக்கை விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில், குரோமோசோமைக் கண்டுபிடித்தது எவ்வளவு முக்கியமோ, மன்னார்குடியில் ஒருவர் அந்த மாத்திரையை மாதாமாதம் வாங்க முடிவதும் அதே அளவு முக்கியம்.

உறவில் திருமணமும் ஒரு மருந்துக்கான துப்பும்

நோயாளியிடமிருந்து மட்டுமல்ல, ஆரோக்கியமாக இருப்பவரிடமிருந்தும் மருந்து பிறக்கிறது. பிசிஎஸ்கே9 என்ற மரபணு 2003இல் பிரான்ஸில் சில குடும்பங்களை ஆராய்ந்தபோது தெரியவந்தது. அவர்களிடம் அது அளவுக்கு மீறி வேலை செய்தது. கெட்ட கொழுப்பு எகிறியிருந்தது. அப்படியானால் அந்த மரபணு வேலையே செய்யாதவர்கள் இருப்பார்களா என்று அமெரிக்காவின் டல்லாஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜோனத்தன் கோஹனும் தேடினார்கள். கறுப்பினத்தவரில் நூறில் இரண்டு மூன்று பேரிடம், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று செயலிழந்திருந்தது. அவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 28% குறைவு; மாரடைப்பு போன்ற இதயநோய் 88% குறைவு. இரண்டு பிரதியும் செயலிழந்த ஒரு பெண்ணின் கெட்ட கொழுப்பு வெறும் 14. நல்ல உடல்நலத்தோடு இருந்தார்.

மருந்து நிறுவனங்களுக்கு இது எத்தனை பெரிய செய்தி! இந்தப் புரதத்தை அடைத்தால் இதயம் காக்கப்படும், வேறு கேடும் வராது என்பதை மருந்து செய்வதற்கு முன்பே இயற்கை சோதித்துக் காட்டிவிட்டது. 2015இல் அந்தப் புரதத்தை முடக்கும் இரண்டு ஊசிமருந்துகள் வந்துவிட்டன. 2024இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது: மனித மரபணுச் சான்று உள்ள இலக்கை நோக்கிச் செய்யும் மருந்துகள், சான்று இல்லாதவற்றைவிட 2.6 மடங்கு அதிகம் வெற்றி பெறுகின்றன. பத்தில் ஒன்பது தோற்கும் தொழிலில் இது சின்ன எண் அல்ல.

இந்த இடத்தில்தான் நம் ஊர் உள்ளே வருகிறது. ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் செயலிழந்த மனிதர்கள் மிக அரிது. ஆனால் பெற்றோர் இருவரும் ஒரே தாத்தா, பாட்டியின் வழி வந்தவர்கள் என்றால் அந்த வாய்ப்பு கூடுகிறது. பாகிஸ்தானில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மீனவக் கிராமத்துக் குடும்பத்தில் பெற்றோர், ஒன்பது பிள்ளைகள் என அத்தனை பேருக்கும் ஏபிஓசி3 என்ற மரபணு வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. கொழுப்பு மிகுந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு கிடுகிடுவென ஏறியது. இவர்களுக்கு ஏறவே இல்லை. அதே புரதத்தைக் குறிவைத்து நடந்துகொண்டிருந்த மருந்து முயற்சிகளுக்கு இது பெரிய தெம்பு. அந்த வகை மருந்துகளில் ஒன்றான ஓலிசார்சன், மரபுவழி ட்ரைகிளிசரைடு நோய் ஒன்றுக்காக 2024 டிசம்பரில் அமெரிக்க அனுமதி பெற்றது.

தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் உறவுக்குள் நடக்கிறது என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று டெல்டாக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பார்க்கலாம். உறவுத் திருமணம் இல்லாவிட்டாலும், நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயே மணம் முடித்ததால் ஒவ்வொரு சமூகமும் மரபணு அளவில் ஒரு சிறு தீவாகிவிட்டது. தங்கராஜ் உள்ளிட்ட, ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் (சிசிஎம்பி) ஆய்வாளர்கள் பங்கேற்று 2017இல் வெளிவந்த ஆய்வு, தெற்காசியாவின் 263 சமூகங்களைப் பார்த்தது. அவற்றில் 81இல், மரபுநோய் ஆராய்ச்சிக்கு உலகம் எப்போதும் எடுத்துக்காட்டும் பின்லாந்து மக்களைவிட வலுவான இந்தத் ‘தீவுத்தன்மை’ இருந்தது. அரிய நோய்கள் கூடுதலாகத் தென்படும் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது, புதிய மருந்துக்கான துப்பும் இதில்தான் இருக்கிறது. நோயின் சுமையை ஏற்கனவே சுமந்துகொண்டிருக்கிறோம். துப்பைத்தான் இன்னும் சரியாகத் தேடவில்லை.

நம் உடம்பு ஏற்கனவே சொன்னவை

தேடியபோதெல்லாம் கிடைத்திருக்கிறது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டிய இடம் அது. அதே மையம் இன்னொன்றையும் கவனித்தது. ஐசோநியாசிட் என்ற காசநோய் மாத்திரையைச் சிலர் உடம்பு வேகமாகக் கழித்துவிடுகிறது, சிலர் உடம்பு மெதுவாகக் கழிக்கிறது. அது பிறவியில் வருவது. வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்தபோது, வேகமாகக் கழிப்பவர்களுக்குப் பலன் குறைந்தது. ‘துல்லிய மருத்துவம்’ என்ற சொல் பிறப்பதற்குப் பல பத்தாண்டுக்கு முன்பே, சென்னையின் ஏழை நோயாளிகளிடம் கண்டறிந்த துல்லிய மருத்துவம் இது.

அறுவை அரங்கில் மயக்க மருத்துவர்கள் சிலரிடம் சமூகத்தைக் கேட்பதுண்டு. அது சாதி பார்ப்பதற்காக அல்ல. தசையைத் தளர்த்த சக்சினைல்கோலின் என்ற ஊசி போடுவார்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் அதன் வேகம் இறங்கிவிட வேண்டும். அதை உடைக்கும் நொதி ஆரிய வைசிய சமூகத்தினர் சிலரிடம் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு மூச்சு திரும்ப மணிக்கணக்கில் ஆகும். அதுவரை செயற்கை சுவாசத்தில் வைத்திருக்க வேண்டும். கோவைப் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2006இல் இதற்குக் காரணமான மரபணுத் திரிபைக் கண்டறிந்தார்கள். வீட்டில் யாருக்காவது மயக்க ஊசிக்குப் பிறகு இப்படி நேர்ந்திருந்தால், அடுத்த அறுவைக்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இதயத்துக்கு வருவோம். ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் குளோப்பிடோக்ரெல் மாத்திரை அப்படியே வேலை செய்யாது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் ரத்தம் உறைவதைத் தடுக்கும். அந்த நொதி மந்தமாக உள்ளவர்களுக்குப் பலன் குறையலாம் என்று 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. புதுச்சேரி ஜிப்மரில் ஆதித்தன் குழுவினர் இந்த நொதிகள் தமிழரிடம் எப்படி அமைந்துள்ளன என்பதை 2000களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பிரிட்டனில் வாழும் வங்காளதேச, பாகிஸ்தான் வம்சாவளியினரை வைத்து 2023இல் வந்த ஆய்வில் 57% பேருக்கு இந்த நொதி மந்தம் அல்லது அரை மந்தம். ஐரோப்பியரைவிட இது மிக அதிகம். இதைப் படித்துவிட்டு மாத்திரையை யாரும் நிறுத்திவிடக் கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். மாற்று மாத்திரைகள் உண்டு. எது யாருக்கு என்பது இதய மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

இதயத் தசையை வலுவிழக்கச் செய்யும் இன்னொரு திரிபு நம் நாட்டில் நூறில் சுமார் நான்கு பேரிடம் இருக்கிறது: எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்து காணாமல் போயிருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணியும் அவருடன் சேர்ந்தவர்களும் 2009இல் இதன் பரப்பைக் காட்டினார்கள். தெற்காசியாவுக்கும் தென்கிழக்காசியாவின் சில நாடுகளுக்கும் வெளியே இது அநேகமாக இல்லை. அப்படியானால் இதற்கான மருந்தை யார் தேட வேண்டும்?

குழந்தைகள் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மெர்காப்டோப்யூரின் மாத்திரை என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சிலருக்கு அது ரத்த வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதை முன்கூட்டியே அறிய டிபிஎம்டி என்ற மரபணுவைச் சோதிக்கும் முறை மேற்கில் உருவானது. ஆசியாவில் அந்தச் சோதனையில் நன்றாகத் தேறிய குழந்தைகளும் பாதிக்கப்பட்டார்கள். 2014இல்தான் கொரிய ஆய்வாளர்கள் என்யுடிடி15 என்ற வேறொரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். நம் மக்களுக்கும் முக்கியமானது இதுதான். சோதனையில் தவறில்லை, அது வேறு மக்களை வைத்துச் செய்த சோதனை. உலகில் நான்கில் ஒருவர் தெற்காசியர். ஆனால் உலகின் மரபணு ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் ஐரோப்பிய வம்சாவளியினர், நாம் மிகச் சொற்பம். மருந்து யார் உடம்பை வைத்துச் செய்யப்படுகிறதோ, அவர் உடம்புக்குத்தான் முதலில் பொருந்தும். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

2020 ஜனவரியில் தொடங்கிய ‘ஜீனோம் இந்தியா’ திட்டம் இந்தக் குறையைத் தீர்க்கும் முதல் பெரிய முயற்சி. 20 நிறுவனங்கள் சேர்ந்து, 83 மக்கள் குழுக்களிலிருந்து சுமார் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தன. 2025 ஜனவரியில் அந்தத் தரவு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. முதல் மனித மரபணுத் தொகுதியைப் படிக்கும் திட்டத்துக்குப் பதின்மூன்று ஆண்டும் சுமார் 300 கோடி டாலரும் ஆயின. இன்று ஒருவருடையதைப் படிக்க ஆயிரம் டாலருக்கும் குறைவுதான். ஆக, செலவு இனிப் பெரிய தடையல்ல. 140 கோடிப் பேர் உள்ள நாட்டுக்குப் பத்தாயிரம் போதாது என்பது என் கருத்து. நாகப்பட்டினத்து மீனவர் குடியிருப்பு, திருவாரூரில் நாற்று நடும் தெருக்கள், காரைக்கால் என்று ஊர் ஊராகப் போக வேண்டும். காரைக்காலில் ஜிப்மரின் கிளைக் கல்லூரியே இருக்கிறது. தஞ்சாவூரில் டெல்டா முழுவதும் வந்து சேரும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ரத்தம் கொடுப்பவரிடம் அது எதற்கு என்று அவர் மொழியில் விளக்க வேண்டும், பிற்பாடு கிடைத்ததை அவரிடம் திரும்பச் சொல்லவும் வேண்டும். மரபணுவைக் காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2008லேயே சட்டம் போட்டார்கள். இங்கே அதற்கென்று தனிச் சட்டம் வர வேண்டும்.

சர்க்கரையும் புகையானும்

டெல்டாவில் துல்லிய மருத்துவம் அதிகம் பேருக்கு உதவப் போவது புற்றுநோயில் அல்ல, சர்க்கரையில் என்று நினைக்கிறேன். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வுப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4%. இவர்கள் எல்லோருக்கும் ஒரே நோய் அல்ல. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2018இல் ஐந்து வகையாகப் பிரித்தார்கள். சென்னையில் மோகன், அஞ்சனா குழுவினர் 19,084 பேரின் விவரங்களை வைத்து 2020இல் பார்த்தபோது நான்கு வகை தெரிந்தது. அதில் இரண்டு வகை ஸ்வீடன் பட்டியலில் இல்லவே இல்லை. உடல் பருமனே இல்லாமல் இன்சுலின் சுரப்பு குறைந்தவர்கள் நம்மிடம் அதிகம். பருமனானவர்களை மனதில் வைத்துச் செய்த மருந்து இவர்களுக்கு எந்த அளவு உதவும் என்பது தனியாகச் சோதிக்க வேண்டிய கேள்வி.

இன்னும் வியப்பானது பச்சிளம் குழந்தைகளின் சர்க்கரை நோய். பிறந்த ஆறு மாதத்துக்குள் வருவது பல நேரம் ஒற்றை மரபணுத் திரிபால். அதில் ஒரு வகையினருக்கு 2006இல், இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு, பல பத்தாண்டாகப் பெரியவர்கள் சாப்பிட்டுவந்த மலிவான கிளிபென்கிளமைடு வகை மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 49 பேரில் 44 பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை. புது மருந்து கண்டுபிடிக்கவில்லை. பழைய மாத்திரைக்குச் சரியான ஆள் கிடைத்தார், அவ்வளவுதான்.

எல்லாம் சரி, இதற்கு எல்லை இல்லையா? இருக்கிறது. டெல்டாவில் புகையான் பூச்சியைத் தெரியாதவர் இல்லை. அதைத் தாங்கும் ஐஆர் 26 நெல் 1973இல் வந்தது. இரண்டு மூன்று ஆண்டில் பூச்சி தன்னை மாற்றிக்கொண்டு அதையும் தாக்கியது. 1976இல் ஐஆர் 36 வர வேண்டியிருந்தது. புற்றுநோயும் அப்படியே. ஜெஃபிட்டினிப் சாப்பிட்டவர்களுக்கு ஓராண்டு போல நன்றாக இருந்து, பிறகு கட்டி புதிய திரிபோடு திரும்பும். அந்தப் புதிய திரிபை அடைக்க ஒசிமெர்ட்டினிப் 2015இல் வந்தது. அதையும் மீறும் கட்டிகள் வருகின்றன. அப்புறம், அமெரிக்காவில் சுமார் 6,000 நோயாளிகளின் கட்டியைச் சோதித்த பெரிய ஆய்வில், கைவசம் மருந்து உள்ள திரிபு கிடைத்தது 38% பேருக்குத்தான். உண்மையில் ஏதாவது ஒரு மருந்துச் சோதனைப் பிரிவுக்கு ஒதுக்க முடிந்தது 18% பேரைத்தான். சோதனை செய்தாலே மருந்து கிடைக்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

விலையும் எல்லைதான். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் அரிவாள் செல் நோய்க்கு 2023இல் வந்த மரபணுத் திருத்தச் சிகிச்சையின் விலை அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். இங்கேயே செய்தால் இறங்கும் என்பதற்கும் சான்று உண்டு. ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற, ரத்தப் புற்றுநோய்க்கான செல் சிகிச்சை 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. வெளிநாட்டு விலையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. வேலூர் சிஎம்சியில் கடுமையான ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத பிறவி நோய்) உள்ள ஐந்து பேருக்கு மரபணுச் சிகிச்சை கொடுத்து, ரத்தக்கசிவு நின்றுபோனதை 2024 டிசம்பரில் அறிவித்தார்கள்.

மன்னை எக்ஸ்பிரஸில் ஏறுவதற்கு முன்

இதெல்லாம் ஒரு குடும்பத்துக்கு எப்படி வந்து சேரும் என்று கேட்டால், இப்போதைக்கு ஒரு சின்ன மெழுகுக் கட்டியாக. பயாப்சி எடுத்த சதையை மெழுகில் பதித்து ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள். அதைத்தான் ‘பிளாக்’ என்பார்கள். ஈஜிஎஃப்ஆர் போன்ற சோதனைகளைப் பெரும்பாலும் அதிலிருந்துதான் செய்வார்கள். மன்னை எக்ஸ்பிரஸிலும் உழவன் எக்ஸ்பிரஸிலும் மஞ்சப்பையில் கட்டுக் கட்டாக ரிப்போர்ட்டுடன் சென்னைக்குப் போகிறவர்கள் பலர், பிளாக்கை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அங்கே போய் மறுபடி ஊசி குத்திச் சதை எடுக்க நேர்கிறது. சில நேரம் எடுக்கவே முடியாத இடத்தில் கட்டி இருக்கும். பயாப்சி செய்த ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் பிளாக்கையும் ஸ்லைடையும் தருவார்கள். பிளாக்கை வெயிலில் வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும்.

கூடவே ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: வீட்டில் யார் யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது, யார் உறவுக்குள் திருமணம் செய்தவர்கள், எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டியிடம் கேட்டால் மூன்று தலைமுறைக்குச் சொல்வார். மருத்துவர் கேட்க நேரமில்லாவிட்டால் நீங்களே எடுத்துக் காட்டுங்கள். சோதனை முடிவு வர இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதுவரை அங்கேயே தங்கியிருக்கத் தேவையில்லை. திரும்பும்போது பிளாக்கை எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.